உப்புத் தண்ணீர் குடித்த அம்பாசடர்

இருளம்மாளுக்கு அந்த அம்பாசடரைப் பிடிக்காது என்பது தெருவுக்கே தெரியும். அவளே சொல்லித்தான் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், உப்பளத்து வேலை முடிந்து முழங்கால்வரை வெள்ளை பூத்த காலோடு அவள் வீட்டுக்கு வந்தபோது, வேப்பமரத்தடியில் ஒரு பழைய டீசல் வண்டி நின்றது. பக்கத்தில் அவள் புருஷன் ராக்கப்பன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றான். அதுவரை உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், அப்பன் வழி நிலத்தில் தனக்கு வந்த பங்கைக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டான்.

"இதுக்குப் பேசாம ஒரு சின்னவீடு வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் கால் கழுவப் போய்விட்டாள்.

அவள் கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டில் பிறந்தவள். அங்கே மண் வறண்டதுதான், ஆனால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கலாம். இருபது வயதில் வாலிநோக்கத்துக்கு மேற்கே உள்ள இந்தச் சின்னக் குடியிருப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றைக்கு, வாய் கொப்பளிக்க எடுத்த தண்ணீரைத் துப்பிவிட்டு, மாமியார் வீட்டில் தன்னை யாரோ கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்தாள். யாரும் கேலி பண்ணவில்லை. அடிபம்பில் வருவது உப்பு. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில்தான். வேலைக்குப் போனாலோ, அங்கே காண்பதெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் மூன்று நாளுக்கொரு தரம், சில சமயம் ஐந்து நாளுக்கொரு தரம், மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பொதுக் குழாயில் விடியற்காலையில் வரும். இருபத்தெட்டு வருஷமாக அவள்தான் எடுக்கிறாள். முதலில் இடுப்பிலும் தலையிலும் சுமந்தாள். பிறகு இந்த மாவட்டத்துப் பெண்கள் எல்லோரையும் போல ஆறு குடம் வைக்கிற தள்ளுவண்டி வந்தது.

வாசலில் கார் நிற்கும்போது பெண்டாட்டி ஏன் தண்ணி வண்டி தள்ளுகிறாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்பது சுலபம். அம்பாசடர் அந்த மணலில் இறங்கினால் நாலு பேர் சேர்ந்துதான் மேலே தூக்க வேண்டும். அதோடு, குழாயில் தண்ணீர் விடுகிற நேரமும் கடலாடிக்கோ ராமநாதபுரத்துக்கோ ஆஸ்பத்திரி சவாரி கிளம்புகிற நேரமும் ஒன்றே. அதனால் ராக்கப்பன் ஒரு பக்கம் போவான், இருளம்மாள் ஒரு பக்கம் போவாள்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறமாட்டார்கள். நல்ல தண்ணீர் குடிக்க, சோறு பொங்க, விருந்தாளி வந்தால் ஒரு சொம்பு கொடுக்க. வேறு எதற்கும் அதில் கை வைக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கால் கழுவிய மருமகளைப் பற்றிப் பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள்.

ராக்கப்பன் பேச்சில் கஞ்சன். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான். அதில் ஒன்று, மகள் பானுப்பிரியா கல்யாணத்தில் சமையல்காரர் வைத்த சாம்பாரைப் பார்த்து. ஆனால் வண்டியிடம் அவன் பேசுவதை இருளம்மாள் காதால் கேட்டிருக்கிறாள். காலையில் எழுந்தவுடன் பழைய வேட்டித் துணியால் கண்ணாடியைத் துடைப்பான், பானெட்டைத் திறந்து குனிந்து பார்ப்பான், "என்னடா, சரியா இருக்கியா" என்பான். என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டதுண்டா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டிக்குத் தங்கமான பேரைக் கொடுத்திருந்தது ஊர். எத்தனையோ பெண்கள் வலி எடுத்து அதன் பின் சீட்டில் படுத்துக்கொண்டு போனார்கள், ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போனவர்கள் உண்டு, ஏர்வாடிக்கு நேர்ச்சை செலுத்தப் போனவர்கள் உண்டு. எல்லோரும் ராக்கப்பன் வண்டி என்று ஒரு மரியாதையோடு சொல்வார்கள். இருளம்மாள் மட்டும் "அந்தத் தகரம்" என்பாள்.

அந்தத் தகரம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சிக்கல் ஊரைத் தாண்டி நின்றுபோனது. இஞ்சின் சூடேறிப் புகை வந்ததும் ராக்கப்பன் அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டான். தண்ணீர் ஊற்றினால் ஊற்றின தண்ணீர் அடியில் கொட்டியது. ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் விட்டார்கள். ராமநாதபுரத்தில் தெரிந்த மெக்கானிக்குக்குப் போனில் படம் எடுத்து அனுப்பினான். அவர் பார்த்துவிட்டு, பிளாக் வெடித்திருக்கும், அந்த இஞ்சினுக்கு இனிமேல் உயிர் இல்லை, எடைக்குப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் அவன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியே இருந்தான். மூன்றாம் நாள் திருப்பூரில் இருக்கிற சித்தப்பா மகன் காளீஸ்வரனுக்குப் போன் போட்டான். ஒரு மில்லில் காவலாளி வேலை இருந்தது. தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். மாதத்துக்கு ஒரு தரமோ இரண்டு மாதத்துக்கு ஒரு தரமோ ஊருக்கு வந்துபோகலாம்.

"போகவா?" என்று அவளிடம் கேட்டான். அவன் அவளைக் கேட்டுச் செய்கிற முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"போங்க. இங்கன இருந்து என்னத்தச் செய்யப் போறீக" என்றாள் இருளம்மாள்.

வாய்தான் சொன்னது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்து நாலு வயதில் அந்த மனுஷன் எங்கோ ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். மகள் கமுதியில் இருக்கிறாள். இந்த வீட்டில் தான் ஒருத்தி மட்டும் உலை வைத்து, தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து தின்பதை நினைத்தாள். நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் பேசாத மனுஷன்தான், ஆனாலும் பேசாமல் பக்கத்தில் இருந்தான். அவனைப் போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போகாமல் இருந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அவன் திருப்பிக் கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வண்டி பிழைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் அவள் கடற்கரைக்கு நடந்தாள்.

கரையில் பாக்கர் ஒரு கொட்டகை போட்டிருந்தான். பதினாறு வருஷம் ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் இருந்துவிட்டு வந்தவன், இப்போது மீன்பிடிப் போட்டு இஞ்சின்கள் மட்டும் பார்க்கிறான். ராக்கப்பனும் அவனும் மாப்ள மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை என்று ராக்கப்பன் போய் நின்றபோது, "நான் கடல்ல போறதத்தான் பாப்பேன் மாப்ள, தரையில போறதுக்கு வேற ஆளப் பாரு" என்று அவன் விளையாட்டுக்குச் சொன்னதை ராக்கப்பன் நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டான். அதற்கப்புறம் வண்டி விஷயமாக அந்தப் பக்கமே போகவில்லை.

"அண்ணே, எங்க வண்டி நின்னுபோச்சு" என்றாள் இருளம்மாள். எங்க வண்டி என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. "எடைக்குப் போடச் சொல்லிட்டாக. நீங்க ஒரு தடவ பாருங்க. பாத்துட்டு ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிருங்க. வண்டி ஓடலைன்னா அவுக நாளான்னைக்குத் திருப்பூருக்குக் கெளம்பிருவாக."

கடைசி வார்த்தை சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு தகரத்துக்காக அழுகிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

பாக்கர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "நாளைக்குச் சுபுஹு தொழுதுட்டு வாரேன் தங்கச்சி. அதுவரைக்கும் அதுல யாரும் கைவைக்க வேணாம்னு மாப்ளகிட்டச் சொல்லு" என்றான்.

சனிக்கிழமை வெயில் ஏறும் முன்பே அவன் வந்துவிட்டான். வந்தவன் ராக்கப்பனைத் திட்டவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை. பிஸ்மில்லா என்று சொல்லிக்கொண்டு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். "தண்ணி கொண்டாந்து ஊத்து" என்றான். ராக்கப்பன் அடிபம்பில் ஒரு வாளி அடித்து வந்து ரேடியேட்டரில் ஊற்றினான். பாக்கர் டார்ச்சை அடித்து ரொம்ப நேரம் பார்த்தான். இருளம்மாள் கதவு நிலையில் நின்றபடி அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர் வாயைப் பார்க்க முடியாதபோது வேறு எதைப் பார்ப்பது?

"பிளாக்குல விரிசல் இல்ல மாப்ள" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "டம்மிதான் போயிருக்கு. பக்கவாட்டுல மூணும் போயிருச்சு."

ராக்கப்பன் மூச்சு விட்டது வாசல்வரை கேட்டது.

பாக்கர் வெளியே வந்து உட்கார்ந்து இருவருக்கும் சொன்னான். இஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளைச் சின்னத் தகரக் கிண்ணம் மாதிரி ஒரு மூடியை அடித்து இறுக்கி அடைத்திருப்பார்கள். அதைத்தான் டம்மி என்பது. உள்ளே எப்போதும் தண்ணீர் சுற்றுகிறதல்லவா, அது உள்ளிருந்தே அரித்து அரித்து, மூடி காகிதமாகிப் பிய்த்துக்கொண்டது. மூடியை மாற்றிவிடலாம். கடல் இஞ்சினுக்குப் போடுகிற பித்தளை மூடி அவனிடம் அந்த அளவில் இருக்கிறது, அது துருப் பிடிக்காது.

"அப்ப ஓடிரும்ல?" என்றாள் இருளம்மாள்.

"அங்கனதான் இருக்கு விஷயம். மூடி போயி உக்கார்ற விளிம்பையும் துரு தின்னுருந்தா, புது மூடி பிடிக்காது. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். விளிம்பு நல்லா இருந்தா வண்டி இருக்கு. இல்லைன்னா அந்த ராமநாதபுரத்து ஆளு சொன்னதுதான். சூடான ஒடனே நிப்பாட்டுன பாரு, அதுல பாதி உசுரு தப்பிச்சிருச்சு."

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினார்கள். அப்படியும் இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு விரல் இடுக்குத்தான். பாக்கர் நீளமான உளியை மூடியின் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். ஓங்கித் தட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும், அப்புறம் எடுக்க வழியில்லை. ஓரத்தில் தட்டத் தட்ட, மூடி ஓட்டைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பியது. குறட்டால் பிடித்து இழுத்தான். வந்தது மூடி இல்லை, மூடியின் விளிம்பு மட்டும். நடுவில் கிழிந்த துணி மாதிரி இருந்தது. அதைத் தொடர்ந்து செம்மண் குழம்பாகத் துருச் சேறு வழிந்தது.

"உள்ள அடைஞ்சு கெடக்கு. வழிச்சு எடுக்கணும்" என்று பாக்கர் அந்த இடுக்கில் கையை விட்டுப் பார்த்தான். அவன் கை மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. ராக்கப்பனின் கை அந்த அளவுகூடப் போகவில்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தள்ளுங்க" என்றாள் இருளம்மாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்படியிலிருந்து ஒரு ஒல்லிக் கரண்டியை எடுத்து வந்து, அந்தச் சாக்கில் ஒருக்களித்துப் படுத்தாள். வளையலைக் கழற்றி வைத்ததும் அவள் கை முழங்கை வரை இடுக்கில் போனது, கரண்டி ஓட்டைக்குள் எட்டியது. பன்னிரண்டு வருஷமாகத் திட்டின வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதன் வயிற்றிலிருந்து சேற்றை வழித்து வழித்துத் தட்டில் போட்டாள். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் தண்ணீர் வாளியோடு போனவள் நின்று பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனாள். சொல்வதற்கு நாளைக்கு நிறைய இருக்கும் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலில் சேறு வந்தது. அப்புறம் வேறு ஒன்று வந்தது, கெட்டியாக, செதில் செதிலாக. இருளம்மாள் ஒன்றைக் கையில் வைத்து விரலால் தேய்த்தாள். மேலே இருந்த சிவப்புப் போனதும் அடியில் வெள்ளை. அவளுக்கு அதைத் தெரியாதா? அவள் வீட்டு வாளியில், அடிபம்பின் வாயில், உப்பளத்துத் தொட்டி ஓரத்தில் தினமும் சுரண்டுகிற காரை அது.

"அண்ணே, இது நம்ம பம்புத் தண்ணிக் காரைல்ல" என்று நீட்டினாள்.

பாக்கர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். "மாப்ள, ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணி ஊத்துற?"

ராக்கப்பன் டயரைப் பார்த்தான். "பம்புத் தண்ணிதான்."

"எப்ப இருந்து?"

"வாங்குனதுல இருந்து."

பாக்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். "பன்னெண்டு வருசமா? கடல்ல ஓடுற போட்டுக்கே நாங்க இஞ்சினுக்குள்ள நல்ல தண்ணிதான் ஊத்துறோம். இது தகரம் தாங்குமா? இத்தனை நாள் ஓடுனதே பெருசு."

இருளம்மாளுக்கு வந்த கோபத்தில் வண்டிக்கு அடியிலிருந்து எப்படி எழுந்தாள் என்றே தெரியவில்லை. திருப்பூர், காவலாளி வேலை, மூன்று நாள் இறங்காத சோறு எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தது.

"வீட்டுக்குள்ள நாலு குடம் நல்ல தண்ணி இருக்கு. எட்டு எட்டு வச்சா அடுப்படி. அங்கன வந்து ஒரு சொம்பு மோந்து ஊத்த ஒங்களுக்கு அம்புட்டுச் சோம்பேறித்தனமா? தொடைக்கிறதுக்கு நேரம் இருந்துச்சு, கொஞ்சுறதுக்கு நேரம் இருந்துச்சு, ஒரு சொம்புத் தண்ணி ஊத்த நேரம் இல்லையா? ஒங்க கையாலயே கொன்னுபுட்டு இப்பத் திருப்பூருக்குப் போறேன்னு நிக்கிறீக. நான் என்னமோ ஒங்களப் பிடிச்சுத் தள்ளுன மாதிரி."

ராக்கப்பன் பாக்கரைப் பார்த்துத்தான் பேசினான், அவள் பக்கம் திரும்பவில்லை.

"நல்ல தண்ணி இந்த வீட்டுக்கு எப்படி வருதுன்னு ஒனக்குத் தெரியாது மச்சான். இவ விடியமுன்ன எந்திருச்சு அந்த மணல்ல தள்ளிக்கிட்டு வாரா. மேட்டுல ஏறயில ரெண்டு எடத்துல நின்னு இடுப்பப் பிடிச்சுக்குவா. சவாரிக்குப் போகயில அதப் பாத்துக்கிட்டேதான் போறேன். அந்தத் தண்ணியக் கொண்டுபோயி ரேடியேட்டர்ல எப்படி ஊத்துறது? மூடியத் தொறந்துட்டுச் சொம்பையும் கையில எடுத்துருக்கேன். மனசு வரல. திரும்பக் கொண்டுபோயி குடத்துலயே ஊத்திட்டேன்."

"பம்புத் தண்ணி வண்டிக்கு ஆகாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும். இம்புட்டு ஆகாதுன்னு தெரியாது."

ஒருவன் தன் பெண்டாட்டியைப் பற்றி அவள் முன்னாலேயே இப்படிப் பேசும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல், பாக்கர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

இருளம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். சாப்பிட்டுவிட்டு அவன் கை கழுவுவது எப்போதும் பம்பில்தான். முகம் மழிக்க உப்புத் தண்ணீர், எரிகிறதென்று கன்னத்தைத் தடவிக்கொண்டே மழிப்பான். ஒரு சொம்பு கொடுத்தால் பாதி குடித்துவிட்டு மீதியைக் குடத்தில் ஊற்றப் போவான். எச்சித் தண்ணியை ஊற்றுகிறீர்களே என்று அவள் எத்தனை தரம் வைதிருக்கிறாள். இதெல்லாம் அந்த மனுஷனின் அசட்டை என்றே அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவள் மேட்டில் நின்று இடுப்பைப் பிடிப்பதை யாரும் பார்ப்பதில்லை என்றும் நினைத்திருந்தாள்.

ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம் என்று கோபம் போகாமல் இருந்தது. அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக, வேறு ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது. தன் உழைப்பை ஒரு ஆள் இருபத்தெட்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக மதித்திருக்கிறான். கோயிலில் நின்று கும்பிடும்போதுகூட அவளுக்கு இவ்வளவு நன்றி வந்ததில்லை. அழுகை வரும்போல் இருந்ததால், "அண்ணே, அடுத்த மூடியக் கழட்டுங்க" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மூன்று மூடியும் கழன்றன. பாக்கர் ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தான். முதலாவது வழவழப்பாக இருந்தது. கடைசியும் அப்படியே. நடுவில் உள்ளதில் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இங்கன கொஞ்சம் தின்னுருக்கு" என்றான். "பிடிச்சாலும் பிடிக்கும். அல்லா விட்ட வழி."

பித்தளை மூடிகளுக்கு ஓரத்தில் பசை தடவி ஓட்டையில் வைத்து, மூடியின் குழிக்குள் சரியாகப் பொருந்துகிற ஒரு இரும்புக் குழலை வைத்து, நீளக் கம்பியால் தட்டினான். ஒரு பக்கம் சாயாமல் சமமாக உள்ளே போக வேண்டும். குழல் நழுவாமல் பிடிக்க அந்த இடுக்கில் இருளம்மாளின் கைதான் போனது. ஒவ்வொரு அடியும் அவள் தோள்வரை ஏறியது. அவள் பிடியை விடவில்லை. அப்புறம் பசை காய விட்டார்கள். பாக்கர் மத்தியானத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வந்து, அவள் வைத்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டான்.

"இனிமே தண்ணி" என்றான் கையைத் துடைத்துக்கொண்டு. "உள்ள கெடக்கிற மிச்சம் போக ரெண்டு தடவ அலசணும். அப்புறம் நெரப்பணும். ரெண்டு குடம், ரெண்டரைக் குடம் ஆகும். எல்லாம் நல்ல தண்ணி. பம்புத் தண்ணி ஒரு சொட்டு ஊத்துனாலும் நான் எந்திருச்சுப் போயிருவேன்."

வீட்டில் நாலு குடம் இருந்தது. குழாயில் அடுத்த தண்ணீர் திங்கட்கிழமைதான்.

"நான் பஸ்ஸப் பிடிச்சுச் சாயல்குடிக்குப் போயி கேன் தண்ணி வாங்கிட்டு வாரேன்" என்று ராக்கப்பன் சட்டையைத் தேடினான்.

அதற்குள் இருளம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "மூடியத் தொறங்க" என்றாள்.

"வேணாம் இருளு. குடிக்கத் தண்ணி பத்தாது."

"தூக்குனவ நான். ஊத்துறதும் நான்தான். தொறங்க."

அவன் திறந்தான். அவள் குடத்தைச் சாய்த்து, பிடித்துப் பிடித்து ஊற்றினாள். அந்த ஊரில் யாரும் செய்யாத காரியத்தை, நடு வாசலில், பகல் வெளிச்சத்தில் செய்தாள். கைவசம் நல்ல தண்ணீர் இருந்ததற்காக அன்றைக்கு அவள் மனசு நிறைந்திருந்தது. முதல் குடம் அடியில் திறந்துவிட்டபோது செங்கல் கரைத்த நிறத்தில் போயிற்று. அடுத்த குடத்தில் பாதி ஊற்றி மறுபடி திறந்தபோது தேயிலைத் தண்ணீர் நிறம். கடைசியாக ஊற்றியது தெளிந்து வந்தது. அதோடு நிறுத்தி நிரப்பினார்கள். பாக்கர் பையிலிருந்து பச்சைக் கூலன்ட்டை எடுத்துக் கலந்தான்.

ராக்கப்பன் சாவியைத் திருப்பினான். இரண்டு முறை முனகிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. புகையும் சத்தமும் அப்படியே பழையபடி. பத்து நிமிஷம் ஓட விட்டுப் பாக்கர் அடியில் பார்த்தான். பார்த்துவிட்டு, நிறுத்து என்று கையைக் காட்டினான்.

"நடு மூடி கசியுது" என்றான்.

ராக்கப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனசு பஸ் ஏறிவிட்டது என்று இருளம்மாளுக்குத் தெரிந்தது. வாசலில் கொடியில் காயப்போட்டிருந்த அவனுடைய இரண்டு சட்டைகளையும் அவள் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். பாக்கர் தண்ணீரைக் கீழே விடாமல் ஒரு சட்டியில் பிடித்து வைத்தான், அந்தத் தண்ணீரின் அருமை அவனுக்கும் தெரிந்துவிட்டது. நடு மூடியைக் கழற்றி, அரித்த இடத்தில் மட்டும் தனியாகப் பசையை அழுத்திப் பூசி, வேறு புது மூடியை வைத்தான். "பித்தளை இளகிக் குடுக்கும், பாப்போம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்த முறை ரொம்ப மெதுவாக, சுற்றிச் சுற்றித் தட்டினான். குழலைப் பிடித்திருந்த இருளம்மாளுக்கு, மூடி போய் உட்கார்ந்த அந்தக் கடைசித் தட்டில் சத்தம் மாறியது கைக்கே தெரிந்தது. பாக்கருக்கும் தெரிந்தது.

பசை காய்ந்ததும் சட்டித் தண்ணீரை வடிகட்டி ஊற்றி, மறுபடி சாவி. அரை மணி நேரம் வண்டி ஓடிக்கொண்டே நின்றது. வேப்பமரத்து நிழல் கிழக்கே நீண்டது. பாக்கர் இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கரண்டிக் காம்பில் ஒரு துண்டுச் செய்தித்தாளைச் சுற்றி இருளம்மாளிடம் கொடுத்தான். "உன் கைதான் போகும். சுட்டுறாம நடு மூடிய ஒத்திப் பாரு."

அவள் ஒத்தி எடுத்தாள். வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி ஒரு தரம் விட்டு எடுத்தாள்.

"காஞ்சிருக்கு அண்ணே" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பாக்கர் சாக்கைச் சுருட்டினான். கூலிப் பேச்சை ராக்கப்பன் எடுத்தபோது, ஏர்வாடிச் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு எங்க வீட்டு ஆளுகளக் கொண்டுபோயி விடு, அது போதும் என்று சொல்லிவிட்டான். இருளம்மாள் அவனைத் தெரு முனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நல்லா இருங்கண்ணே, பிள்ளைகுட்டியோட நல்லா இருங்க என்று மூன்று தரம் சொன்னாள்.

திரும்பி வந்தபோது ராக்கப்பன் பானெட்டை மூடிவிட்டு அதன்மேல் கை வைத்து நின்றிருந்தான். பக்கத்தில் போய் அவளும் நின்றாள்.

"காளீஸ்வரனுக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லுங்க" என்றாள்.

"பழைய வண்டி. இன்னும் எத்தனை வருசம் ஓடுமோ."

"ஓடுற வரைக்கும் ஓடட்டும். இனிமே அதுக்கும் சேத்து ஒரு குடம் எடுத்துட்டு வாரேன். நின்னுபோனா அப்ப ரெண்டு பேருமாத் திருப்பூருக்குப் போவோம். என்னைய விட்டுட்டு ஒத்தையில மட்டும் போகாதீங்க. என்னால ஏலாது."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் சொல்லாததை வாசலில் நின்று சொல்லிவிட்டு, முந்தானையால் கையில் இருந்த மசியைத் துடைத்தாள். ராக்கப்பன் அவளைப் பார்த்தான். போனை எடுத்து, எண்ணைத் தேடி, காதில் வைத்தான்.

"காளி, நான்தான். திங்கக்கிழமை நான் வரலப்பா" என்றான். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். வண்டி சரியாகிவிட்டது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வீட்ல விட மாட்டேங்குறாக" என்றான்.

மூன்று நாளாகப் போங்க போங்க என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்த இருளம்மாள், பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டாள். இல்லை என்று மறுக்கவில்லை.